வேப்ப மர நிழல், மத்தியானம் இரண்டு மணி வரை

அத்தியாயம் 17

பதினோரு வருஷமாக அந்தக் குடும்பம் கடலோரப் பயணம் ஒன்றுக்குக் கிளம்பிக்கொண்டே இருந்தது. சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை, கடலை விட்டு விலகாமல், வழியெல்லாம் நின்று நின்று. ஒவ்வொரு முறையும் தேதி குறித்த பிறகு நெடுஞ்செழியனின் முதலாளி ஷாஹுல் ஹமீது பாய் போன் செய்வார். நெடுஞ்செழியன் "சரி பாய்" என்பார். அதோடு சரி.

இந்த முறை அப்படி ஆகாது என்று எல்லோரும் நம்பியதற்குக் காரணம், போன வாரம் பாஞ்சாலி செய்த காரியம். பட்டினப்பாக்கத்தில் இருபத்திரண்டு வருஷமாக மீன் விற்கிறவள், பயணம் போகிற நான்கு நாளைக்குத் தன் இடத்தை இன்னொருத்திக்குப் பேசி விட்டுவிட்டு, ரங்கநாதன் தெருவுக்குப் போய் ஆளுக்கொன்றாக நான்கு துண்டு வாங்கி வந்தாள். இதற்கு முன் அவள் அந்த இடத்தை விட்டது இரண்டே முறை. ஒன்று சுனாமி. இன்னொன்று மாமியார் சாவு.

நெடுஞ்செழியனும் தன் பங்குக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். பாயிடம் முன்கூட்டியே லீவு கேட்டுவிடுவதாக. கொடுத்து ஒன்பது நாள் ஆகிறது. கேட்டாரா என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் தெரிந்துவிடும்.

இன்று வியாழக்கிழமை. சனிக்கிழமை விடிகாலை கிளம்ப வேண்டும்.

காலை ஆறரை மணிக்குத் தமிழ்மொழி எழுந்து வந்தபோது, அப்பா தரையில் உட்கார்ந்து பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார். பொடிப்பொடியான எழுத்து. மூக்குக்கண்ணாடி நெற்றியில் இருந்தது. தாளுக்கும் கண்ணுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

தமிழ்மொழி அடையாறில் ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ் டெக்னீஷியன். அவளுக்கு இன்று மதியம்தான் ஷிஃப்ட். வழியில் பார்க்க வேண்டியதை எல்லாம் எழுதிக் கொடு என்று அப்பாவிடம் அவள்தான் கேட்டிருந்தாள். அந்தச் சாலையை அவரைப்போல் அறிந்தவர் யார்? பாயிடம் சேர்வதற்கு முன்பு பத்து வருஷம் டிராவல்ஸ் வண்டி ஓட்டியவர். டெல்லிக்காரன், பம்பாய்க்காரன், வெள்ளைக்காரன் என்று ஊர் உலகத்தையே அந்தக் கடலோரமாகக் கொண்டுபோய்க் காட்டியவர். பாயிடம் வந்த பிறகும் வருஷத்துக்கு ஒரு நாகூர், ஒரு பாண்டி உண்டு.

"முடிஞ்சிடுச்சா நைனா?"

"தனுஷ்கோடிதான் பாக்கி. குந்து."

தம்பி மதிவாணன் பல் தேய்த்துக்கொண்டே எட்டிப்பார்த்தான். பைக் டாக்சி ஓட்டுகிறவன். கார் லைசன்ஸ் வாங்கிப் பதினான்கு மாதம். நான்கு நாளைக்கு வாடகைக் காரை அவன்தான் பேசி வைத்திருந்தான்.

"நைனா, இப்பவே சொல்லிட்டேன். நான்தான் ஓட்டுவேன். நீ பின்னாடி."

"பின்னாடி குந்திக்கினு இன்னாடா பண்றது?"

"வேடிக்கை பாரு."

"எத்த?"

மதிவாணன் வாயில் நுரையோடு சிரித்துவிட்டு உள்ளே போனான். நெடுஞ்செழியன் சிரிக்கவில்லை. அவர் நிஜமாகத்தான் கேட்டார்.

தமிழ்மொழி தாளை வாங்கிப் படித்தாள்.

*மாமல்லபுரம். லைட் ஹவுஸ் போற வழியில வேப்ப மரம். நிழல் மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும். அப்புறம் வண்டியத் திருப்பி நிறுத்தணும்.*

*பிச்சாவரம். படகு போய் வர ரெண்டு மணி நேரம்னு சொல்வாங்க. மூணு ஆகும். தூங்கலாம்.*

*தரங்கம்பாடி. கோட்டைக்கு முன்னாடி மைதானம். உப்புக் காத்து. கண்ணாடிய ஏத்தி வெச்சிரணும். குழாய்த் தண்ணி குடிக்கலாம்.*

*கோடியக்கரை. குரங்கு ஜாஸ்தி. வைப்பரைக் கழட்டி உள்ள வெச்சிரணும்.*

அறுநூறு கிலோமீட்டர். மரம் மரமாக, குழாய் குழாயாக எல்லாம் இருந்தது. எந்தக் கோயில் வாசலில் எந்த மணிக்கு வெயில் எந்தப் பக்கம் சாயும் என்பது இருந்தது. எந்தக் கிழவி தன் கடையில் டீக்குத் தண்ணீரை மாற்ற மாட்டாள் என்பதும் இருந்தது. தமிழ்மொழி வாயைப் பிளந்தாள். கூகுளில் இதெல்லாம் வராது. ஒரு மனுஷன் மண்டைக்குள் இவ்வளவு நீளமான கடற்கரை மடித்து வைக்கப்பட்டிருக்கிறது, இத்தனை நாள் அதன் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்திருக்கிறோம் என்று தோன்றியது.

மறுபடி முதலிலிருந்து படித்தாள். இந்த முறை வேறொன்று கண்ணில் பட்டது.

"நைனா, பிச்சாவரத்துல படகுல போனா இன்னா தெரியும்?"

"ரெண்டு பக்கமும் காடு, நடுவுல தண்ணி. மரத்தோட வேரு தலகீழா மேல நிக்கும். குகை மாரி ஒரு எடத்துல பூந்து போவாங்க. சோக்கா இருக்கும்."

"நீ படகுல ஏறியிருக்கியா?"

"வந்தவங்க சொல்லுவாங்க."

"தரங்கம்பாடிக் கோட்டை?"

"உள்ள பழைய சாமான்லாம் வெச்சிருக்கான். மேல நின்னா கடல் காலுக்குக் கீழயே கீதாம்."

"கீதாம்?"

"சொல்லிக்கினே வருவாங்கம்மா வண்டில."

தமிழ்மொழிக்கு நான்காம் வகுப்பு ஞாபகத்துக்கு வந்தது. மாமல்லபுரத்து வெண்ணெய் உருண்டைப் பாறை தேங்காய் அளவுதான் இருக்கும், கையில் தூக்கி வைத்து போட்டோ எடுத்துக்கொள்வார்கள் என்று அப்பா சொல்லியிருந்தார். அதை வகுப்பில் சொன்னாள். போய்ப் பார்த்துவிட்டு வந்த ஒருத்தி, அது வீடு அளவு இருக்கும் என்றாள். எங்க நைனா நூறு தபா பார்த்திருக்காரு என்று தமிழ்மொழி அவள் முடியைப் பிடித்து இழுத்ததில் ஒரு வாரம் வகுப்புக்கு வெளியே நின்றாள்.

பாறை வீடு அளவுதான் என்று பிறகு டி.வி.யில் பார்த்துத் தெரிந்துகொண்டாள். அப்பா விளையாட்டுக்குச் சொன்னார் என்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்தாள். இப்போதுதான் விளங்கியது. யாரோ ஒரு பயணி காருக்குத் திரும்பி வந்து கேமராவில் போட்டோ காட்டியிருக்கிறான். தூரத்துப் பாறையைக் கையில் தாங்குவது போல நின்று எல்லோரும் எடுப்பார்களே, அந்த போட்டோ. அப்பா அதை அப்படியே நம்பியிருக்கிறார். வேப்ப மரத்தடியிலிருந்து பாறைக்கு நடந்தால் பத்து நிமிஷம்கூட ஆகாது.

"தனுஷ்கோடி?" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"அதான் எழுத வர்ல. அப்பல்லாம் கார் கடைசி வரைக்கும் போகாது. மணல்ல ஜீப்புலதான் இட்டுக்கினு போவாங்க. வண்டி நிக்கற எடத்துலேர்ந்து கடல் தெரியாது, மணல் மேடு மறைக்கும். சத்தம் மட்டும் கேட்டுக்கினே இருக்கும்."

அப்போது போன் அடித்தது. வீட்டில் எல்லோருக்கும் அந்த ரிங் தெரியும்.

"செழியா, சனிக்கிழமை நாகூர்." பாயின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "புஷ்ரா குழந்தைக்கு முடி இறக்கறோம். அஞ்சு மணிக்கு வந்துரு."

"சரி பாய்."

அவ்வளவுதான். மூச்சு விடுகிற நேரம்கூட இல்லை. மீனுக்கு ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த பாஞ்சாலியின் கை நின்றது.

"லீவு கேட்டேன்னியே?"

"கேக்கலாம்னுதான்..."

"பதினோரு வருசமா 'லாம்'. அந்த நாலு துண்டுல ஒன்ன எட்த்துக்கினு வா. வாயில வெச்சுக் கட்டிவுட்றேன். அப்பவாச்சும் அடுத்த தபா போன் வந்தா பேச்சு வராம கெடக்கும்."

"பாய் பொண்ணோட பச்சக் கொழந்த விசயம் பாஞ்சாலி."

"ஆமா, உன் புள்ளைங்க மட்டும் பச்சயா இல்லாம செகப்பாவா பொறந்துச்சு?" கட்டையை ஐஸ்கட்டியின் மேல் ஓங்கிப் போட்டாள். "போ. உன் மூஞ்சில 'சரி பாய்'னு பச்ச குத்தி வெச்சிருக்கு. அத்த யாரு அழிக்கறது?"

நெடுஞ்செழியன் ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்துக்கொண்டு படி இறங்கினார். பாயின் கார் இரவில் அவரிடம்தான் நிற்கும். இருபத்திரண்டு வருஷமாகச் சாவி அந்த ஆணியில்தான்.

தமிழ்மொழி பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள். "நானும் வர்றேன். பாய்கிட்ட நான் பேசிக்கறேன்."

"நீ ஒன்யும் பேசாத."

"அப்ப நீ பேசு."

அவர் காரைச் சுற்றி வந்தார். கதவைத் திறந்துவிட்டார்.

தி.நகரில் பாய் வீட்டில் இல்லை. பாண்டி பஜாரில் இருக்கும் தன் பொத்தான், லேஸ் கடைக்குச் சரக்கு எடுக்க பாரிமுனைக்குப் போயிருந்தார். அவர் மனைவி கைசர் ஜஹான்தான் வந்து காரில் ஏறினார். அறுபத்தைந்து வயது. புர்காவுக்குக் கீழே வெள்ளை ஸ்போர்ட்ஸ் ஷூ. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் நடக்கச் சொன்னதிலிருந்து வியாழக்கிழமை தோறும் அடையாறில் பிரம்ம ஞான சபைத் தோட்டத்துக்குப் போய்விடுவார்.

"தமிழா? ஆஸ்பத்திரிக்கா? வா வா. உன்னைப் பாத்தே நாளாச்சு."

முன் சீட்டில் உட்கார்ந்த தமிழ்மொழி சிரித்து வைத்தாள். கார் நந்தனம் தாண்டியது.

"செழியா, போன வாரம் பாத்தேனே அந்தக் கீரி, இன்னைக்கும் வருமா தெரியல. பின்னாலயே ஆறு குட்டி, வரிசையா, ஸ்கூல் பிள்ளைங்க மாதிரி."

"ஆமாம்மா, சொன்னீங்க."

தமிழ்மொழி அப்பாவின் பக்கம் திரும்பினாள். போன வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது அவர் இதைச் சொல்லியிருந்தார். ஆலமரத்தாண்ட ஒரு கீரி, பின்னாலயே ஆறு குட்டி, வரிசையா. இரண்டு கையாலும் குட்டிகள் போகிற விதத்தைக் காட்டினார். மதிவாணன்கூடச் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

அந்தக் கீரி இந்தப் பின் சீட்டிலிருந்துதான் வந்திருக்கிறது. சின்ன வயதில் கேட்டுக்கொண்டே தூங்கிய அத்தனையும் வந்தது இங்கிருந்துதான். கடலுக்குள் நிற்கும் ஒன்பது கல், கூரை இல்லாத சர்ச், சேற்றில் ஒற்றைக் காலில் நிற்கும் ரோஸ் நிறப் பறவைகள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சாலையிலும் காதைப் பின்னாலும் வைத்து, ஒரு கடற்கரை முழுவதையும் காதாலேயே கட்டியிருக்கிறார். இது ஏமாற்று என்று கோபப்படலாமா என்று அவள் யோசித்தாள். கோபம் வரவில்லை. கண்ணால் பார்த்த ஒருவர்கூட அவளுக்கு இவ்வளவு நன்றாகச் சொன்னதில்லை.

தோட்டத்துக்கு வெளியே ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் கார் நின்றது. நெடுஞ்செழியன் பார்க்கவே இல்லை, வண்டி தானாகப் போய் நின்றதுபோல நின்றது. கைசர் ஜஹான் தண்ணீர் பாட்டிலோடு உள்ளே போனார்.

"எத்தினி வருசமா வர்ற நைனா?"

"ஆறு. வியாழக்கிழமன்னா இந்த மரம்தான்."

"உள்ள போனதே இல்லியா?"

"வண்டிய யாரு பாத்துப்பா?"

"பூட்டிட்டுப் போ."

"அம்மா பொசுக்குன்னு வந்துட்டாங்கன்னா? வெயில்ல நிப்பாங்களா?"

"போன் எதுக்குக் கீது?"

நெடுஞ்செழியன் டாஷ்போர்டைத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே இன்னொரு முறை துடைத்தார்.

"போவக் கூடாதுன்னு யாராச்சும் சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல. பழகிடுச்சு. மொதமொதல்ல டிராவல்ஸ்ல ஒருத்தன் சொன்னான், டிரைவர் வண்டிய விட்டு நகர்ந்தா அவன் டிரைவர் இல்லன்னு. அப்ப எனக்கு இருபத்தி மூணு."

"இப்ப அம்பத்தாறு. சாவியக் குடு."

"எதுக்கு?"

"எனக்கு லைசன்ஸ் கீது. நான் வண்டில குந்திக்கறேன். நீ போய்ட்டு வா."

அவர் சாவியைத் தர ஐந்து நிமிஷம் ஆனது. லாரி வந்தால் முன்னால் எடு என்றார். ஏ.சி. போடாதே என்றார். ஹேண்ட் பிரேக் இறுக்கம், பார்த்துக்கொள் என்றார். வாசலில் காவலாளி அடையாள அட்டை கேட்டபோது சட்டைப் பையிலிருந்து டிரைவிங் லைசன்ஸை எடுத்துக் காட்டினார். அவரிடம் எப்போதும் இருக்கும் ஒரே அட்டை அதுதான். உள்ளே போவதற்குள் மூன்று முறை திரும்பிக் காரைப் பார்த்தார்.

தமிழ்மொழி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். அங்கிருந்து தெரிந்தது ஒரு நீளமான மதில் சுவர். சுவரில் ஒரு அறிவிப்புப் பலகை. அதற்கு மேலே மரங்களின் தலை மட்டும். ஆறு வருஷத்து வியாழக்கிழமைகள், அவர் பார்த்தது இதுதான். அவளுக்குப் பத்து நிமிஷத்திலேயே அலுத்துவிட்டது.

இருபது நிமிஷம் ஆனது. அவர் வரவில்லை. கைசர் ஜஹான்தான் வந்தார். கண்ணாடியைத் தட்டினார்.

"செழியன் எங்கம்மா?"

"உள்ள போயிருக்காரு."

"உள்ளயா?" அந்தம்மா வாசலைத் திரும்பிப் பார்த்தார். "உள்ள எதுக்கு?"

"பாக்கத்தான்."

கைசர் ஜஹான் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார்.

"இவரு உள்ள போனதில்லன்னு உங்களுக்குத் தெரியாதாம்மா?" தமிழ்மொழி கேட்டுவிட்டாள். கேட்டிருக்க வேண்டாம்தான்.

"தெரியும். யோசிச்சதில்ல." மூடியைத் திருகினார். "நாகூர்ல சோறு வாங்கினதும் முதப் பொட்டலம் செழியனுக்குத்தான். சூடு ஆறாம எடுத்துட்டு ஓடுவேன், வண்டிக்கு. எத்தனை வருஷம்! ஓடி வந்து குடுத்தோம்னு ஒரு பெருமை வேற. வாடா, வந்து உக்காந்து சாப்பிடுன்னு ஒரு தடவை கூப்பிட்டிருக்கலாம்ல? வாய்ல வரலையே."

கதவைத் திறந்தார். "பூட்டு. வா போவோம். பத்து மணிக்கு கேட்டைச் சாத்திருவாங்க."

ஆலமரத்தடியில் இருந்தார் நெடுஞ்செழியன்.

செருப்பு இரண்டும் கையில். அங்கே கழற்றச் சொல்லி யாரும் சொல்வதில்லை. தலை பின்னால் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. மேலே கிளைகள் எங்கே ஆரம்பித்தன என்று தெரியவில்லை. நான்கு பக்கமும் விழுதுகள் இறங்கித் தரைக்குள் போய், தாங்களே மரமாகி நின்றன. ஒவ்வொன்றும் தெருவில் நின்றால் ஒரு பெரிய மரம் என்று சொல்லும்படியான பருமன். அதற்கப்பால் இன்னும் விழுதுகள். அதற்கும் அப்பால். வெயில் தரையில் சில்லறை சில்லறையாகக் கிடந்தது. அடையாறு பாலத்துப் பஸ் ஹாரன் எங்கேயோ வேறு ஊரில் கேட்டதுபோல் கேட்டது.

அவர்கள் பக்கத்தில் வந்து நின்றதுகூட அவருக்குத் தெரியவில்லை. தமிழ்மொழி தோளைத் தொட்டாள்.

"பாப்பா," என்றார் திரும்பாமலே. "இதுல மரம் எது?"

"எல்லாமே ஒரே மரம்தான் செழியா," என்றார் கைசர் ஜஹான். "நடு மரம் எப்பவோ புயல்ல விழுந்துருச்சாம். சுத்தி இருக்கறது நிக்குது."

"நடுவுல இருந்தது போயிடுச்சா?"

"போயிடுச்சு."

அவர் ஒரு விழுதில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். வண்டியின் பானெட்டில் சூடு பார்ப்பது போல.

"பெரிய மரம்னு நீங்க சொல்லியிருக்கீங்கம்மா. நானும் வூட்ல சொல்லியிருக்கேன். எனக்கு இன்னா தோணிச்சுன்னா, நம்ம சாந்தோம்ல சர்ச்சாண்ட ஒரு மரம் கீதே, அதுக்கு ரெண்டு மடங்குன்னு." நிறுத்தினார். "தப்பு. நான் புள்ளைங்களுக்குச் சொன்னது அத்தினியும் தப்பாத்தான் இருக்கும்."

"வெண்ணெய் உருண்டைய தேங்கா சைஸ்னு சொன்னப்பவே தெரியும் நைனா."

அவர் திரும்பி மகளைப் பார்த்தார். ஒரு நொடி முகம் சுருங்கியது. பிறகு சிரிப்பு வந்தது. சத்தமான, வெட்கம் கெட்ட சிரிப்பு. மேலே ஒரு காகம் எழுந்து பறந்தது.

"எம்மாம் பெருசு அது?"

"சனிக்கிழம..." என்று ஆரம்பித்த தமிழ்மொழி வாயை மூடிக்கொண்டாள்.

"சனிக்கிழமைக்கு என்ன?" என்றார் கைசர் ஜஹான்.

தமிழ்மொழி சொல்லப் போனாள். நெடுஞ்செழியன் கையைக் காட்டி நிறுத்தினார். செருப்பைக் கீழே போட்டு, காலை நுழைத்து, நேராக நின்றார்.

"சனிக்கிழம புள்ளைங்களோட தனுஷ்கோடி வரைக்கும் போலாம்னு இருந்தோம்மா. பாய் நாகூர்னாரு. சரின்ட்டேன்."

"ஏன்டா சரின்ன?"

"வாய்ல வந்துடுச்சு."

கைசர் ஜஹான் அவரையே பார்த்தார். "நான் பாய்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சு போச்சு."

தமிழ்மொழிக்கு மூச்சு வந்தது.

"ஆனா சொல்ல மாட்டேன்."

"அம்மா..."

"நான் சொன்னா அது நான் வாங்கிக் குடுத்த லீவு. அடுத்த தடவையும் இவன் என் மூஞ்சியத்தான் பாத்துட்டு நிப்பான். செழியன் இல்லாம குழந்தையத் தூக்கிட்டு வண்டியில ஏற மாட்டேன்னு புஷ்ரா குதிப்பா. அது என் பாடு, நான் பாத்துக்கறேன். பாய்கிட்ட நீ பேசு செழியா. இப்பவே. இந்த மரத்த விட்டு வெளிய போனா நீ பேச மாட்ட."

நெடுஞ்செழியன் போனை எடுத்தார். பாயின் நம்பரை அழுத்தினார். ஸ்பீக்கர் தானாக அலறியது. அவர் போன் எப்போதும் அப்படித்தான்.

"சொல்லு செழியா. அம்மா நடந்து முடிச்சாச்சா?"

"முடிச்சாச்சு பாய். பாய், சனிக்கிழம நான் வர்ல."

பாரிமுனையின் இரைச்சல் கேட்டது. கை வண்டிக்காரன் யாரையோ திட்டினான்.

"ஒடம்பு சரியில்லையா?"

"நல்லாக் கீறேன் பாய்."

"வீட்ல யாருக்காவது?"

"ஒன்யும் இல்ல பாய். எல்லாரும் நல்லாக் கீறாங்க."

"பின்ன?"

"மாமல்லபுரம் போறேன். அப்பால பாண்டி. அப்படியே தனுஷ்கோடி வரைக்கும்."

"யாரைக் கூட்டிட்டுப் போற?"

நெடுஞ்செழியன் யோசித்தார். மனைவி, மக்கள் என்று சொல்லியிருக்கலாம். அது நியாயமான காரணம், பாயும் ஒத்துக்கொண்டிருப்பார்.

"என்னை, பாய்."

இரைச்சல் மட்டும் ஓடியது. கைசர் ஜஹான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வேற டிரைவர் வெச்சு நான் நாகூர் போனதில்ல செழியா."

"தெரியும் பாய்."

"தெரிஞ்சுதான் சொல்றியா?"

அவர் மேலே பார்த்தார். "ஆமா பாய்."

"சாயங்காலம் வீட்டுக்கு வா," என்றார் பாய். "கார் சாவிய எடுத்துட்டு வா."

போன் அணைந்தது.

சாவியைப் பற்றி இருபத்திரண்டு வருஷத்தில் பாய் ஒரு முறைகூடப் பேசியதில்லை. தமிழ்மொழி அந்தம்மாவைப் பார்த்தாள். அந்த முகத்தில் சற்று முன்பிருந்த மிடுக்கு இல்லை.

"கோவமாப் பேசினாரா இல்லையான்னே தெரியலையேம்மா," என்றாள் தமிழ்மொழி.

"கத்தியிருந்தா எனக்குத் தெரியும், சாயங்காலத்துக்குள்ள ஆறிரும்னு." கைசர் ஜஹான் ஒரு வேரின் மேல் மெல்ல உட்கார்ந்தார். "இந்தக் குரல நான் ரெண்டு தடவைதான் கேட்டிருக்கேன். ஒரு தடவை அவரு தம்பியோட பேச்சை முறிச்சப்ப."

"இன்னொரு தடவை?"

அந்தம்மா குனிந்து ஷூவின் நாடாவை இறுக்கினார். தூரத்தில் காவலாளி விசில் ஊதினான். பத்து மணி.

நெடுஞ்செழியனுக்கு இந்தப் பேச்சும் விசிலும் கேட்டதாகத் தெரியவில்லை. சட்டைப் பையிலிருந்து காலண்டர் தாளைப் பிரித்து, விழுதின் மேல் வைத்து அழுத்தி, மாமல்லபுரத்துக்கும் மேலே இருந்த கொஞ்சம் இடத்தில் நுணுக்கி எழுதினார். *அடையாறு. ஆலமரம். நிழல்...* பேனாவைத் தூக்கிக்கொண்டு, வெயில் எந்தப் பக்கம் போகிறது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எந்தப் பக்கமும் போகவில்லை.

"பாப்பா, எம்மாந்நேரம் வரைக்கும்னு எழுதட்டும்?"

தமிழ்மொழி பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் கையில் ஏதோ உறுத்தியது. விரித்துப் பார்த்தாள். கார் சாவி. இறுக்கிப் பிடித்ததில் உள்ளங்கையில் அதன் பல் பதிந்திருந்தது.

அப்பா அதைத் திருப்பிக் கேட்கவே இல்லை.